கப்பலிலும் பெரட்டு

மூக்கன் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். எடுத்த முடிவைப் பூரணி பிறகு எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்பது வேறு விஷயம்.

இந்த முறை அவர் எடுத்த முடிவு, சிங்கப்பூரில் கப்பலில் போய் இறங்குவது.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அறைகள் வரிசையாக ஒட்டிய லயம் ஒன்றின் கடைசிக் காம்பராவில் உட்கார்ந்துகொண்டு எடுக்கிற முடிவா இது என்று யாரும் சிரிக்க வேண்டாம். மகன் பிரதாப் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றில் பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தான். ஊர் உலகமெல்லாம் சுற்றும் அந்தக் கப்பல் இந்த வருஷம் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போகப்போகிறது. வேலையாட்கள் வீட்டு ஆள் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஒருவரைத்தான். சிங்கப்பூரில் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டு விமானத்தில் திரும்பிவிடலாம். போன லீவில் வந்தபோதே அம்மா அப்பா இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டுப் போன பிள்ளை அவன்.

யார் வரவேண்டும் என்று அவன் சொல்லவில்லை. நீங்களே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டான். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த அளவு புத்தி இருக்காதா? அந்த வீட்டில் பேசுவது மூக்கன். முடிவு பண்ணுவது பூரணி. இந்த வேலைப்பிரிவு கல்யாணம் ஆன நாளிலிருந்து தகராறு இல்லாமல் நடந்துவந்தது. இந்த ஒருமுறை மட்டும் இரண்டு வேலையையும் தானே பார்ப்பது என்று மூக்கன் தீர்மானித்துவிட்டார்.

அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. அவருடைய முப்பாட்டனும் தோட்டக் கூலியாக இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்தான். இறங்கியவரை யாரும் வாங்க என்று சொல்லவில்லை. கங்காணி ஆளை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை சரி என்று கண்டு, மலைக்கு நடத்திக்கொண்டு வந்தார். அன்று தொடங்கிய எண்ணிக்கை நிற்கவேயில்லை. முப்பாட்டனை எண்ணினார்கள், பாட்டனை எண்ணினார்கள், அப்பனை எண்ணினார்கள், மூக்கனையும் எண்ணினார்கள். அந்தப் பரம்பரையில் ஒருத்தனாவது கப்பலில் போய், எண்ணப்படாமல், மனுஷனாக ஒரு துறைமுகத்தில் இறங்க வேண்டும். இது அவருடைய ஆசை. ஆசை என்று சொல்வதுகூடக் குறைவு.

எண்ணுவது என்றதும் பெரட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் பெரட்டு என்றால் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு. சங்கு ஊதியதும் எல்லோரும் களத்தில் போய் வரிசையாக நிற்க வேண்டும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பேர் கூப்பிட்டு, ஆளை எண்ணி, இன்னின்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தவனுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது. பேர் இல்லை என்றால் வேலை இல்லை, கூலி இல்லை. மூக்கன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். ஆனால் பெரட்டுக்கு அவரைப் பிடிக்காது. அவராலும் பெரட்டைப் பிடிக்க முடியாது. அவர் போய்ச் சேரும்போது களத்தில் காக்காய்தான் நிற்கும். பெரட்டுக்குப் போனால் வெரட்டு என்று அவரே சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்.

ஓய்வு பெற்ற அன்று மூக்கன் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனார். லயமே பார்த்திருக்க, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். இனி எந்தப் பெரட்டிலும் நிற்கமாட்டேன், எந்தப் போலிமிலும் நிற்கமாட்டேன். போலிம் என்றால் கியூ வரிசை. சிங்களத்திலிருந்து வந்து லயத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட சொல். அந்தச் சத்தியத்தை அவர் அதுவரை காப்பாற்றி வந்தார். காப்பாற்றுவதற்காக நின்றது பூரணி. மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டுக் காலத்தில் கேனைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றாள். மாதாமாதம் ஆஸ்பத்திரி கிளினிக்கில் அவருடைய பிரஷர் குளிசைக்காக நின்றாள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த காலோடு நின்றாள்.

சரி, கப்பலுக்கு வருவோம். பூரணி எதிர்த்துப் பேசுவாள் என்று மூக்கன் எதிர்பார்த்தார். அவள் பேசாததால் தானே முந்திக்கொண்டு ஒரு தந்திரம் செய்தார். பூரணிக்கு ஹட்டன் பஸ்ஸில் ஏறினாலே மூன்றாவது வளைவில் குமட்டும். ஜன்னலோரம் எலுமிச்சங்காயை மூக்கில் வைத்துக்கொண்டுதான் வருவாள். அந்த இடம் பார்த்து அடித்தார்.

"கப்பல்ல போனா ஒரே பெரட்டாம் பூரணி. ஒனக்கு ஹட்டன் பஸ்ஸுலயே பெரட்டும். நீ எங்க தாங்கப்போற?"

பூரணி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "ஆமாங்க," என்றாள்.

அவள் ஆமாங்க என்றால் மூக்கனுக்கு உடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனுஷன் அப்போதே பாதி சிங்கப்பூரில் இருந்தார்.

ஹட்டனுக்குப் போய் ஒரு பழுப்புக் கோட்டு வாங்கி வந்தார்கள். கை கொஞ்சம் நீளம். பூரணி தானே அதைச் சுருக்கித் தைத்துத் தருவதாக வாங்கிக்கொண்டாள். தைத்துக் கொடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது தோள்பட்டை பிடித்தது, கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. கடல் காற்றுக்கு இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்றாள். அதுவும் சரிதான் என்று அவருக்குப் பட்டது.

இறங்குவதைத்தான் அவர் மிகவும் கஷ்டப்பட்டுப் பழகினார். கோயில் படிக்கட்டு கப்பல் ஏணி. கீழே பக்கத்துக் காம்பரா இராயப்பன் சிங்கப்பூராக நிற்பார். மூக்கன் கோட்டைப் போட்டுக்கொண்டு மேலிருந்து நிதானமாக இறங்கி வருவார். கீழிருந்து மூன்றாவது படியில் ஒரு நிமிஷம் நின்று, ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கடைசிப் படியில் கால் வைப்பார். இராயப்பனுக்குச் சிரிப்பு வந்தபோது, சிங்கப்பூர் இப்படிச் சிரிக்காது என்று கண்டித்தார். பீலியில் தண்ணீர் பிடிக்கும் சாக்கில் பூரணி தினமும் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் கிட்டே வந்து, மூன்றாவது படியில் நிற்கும்போது தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினால் நன்றாக இருக்கும் என்று யோசனைகூடச் சொன்னாள். மூக்கன் மனம் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்று இராயப்பனிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பூரணி எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி பிரதாப்புகிட்ட பேசுனேங்க. நீங்க சொன்னது நெசந்தான். கப்பல்ல பெரட்டு இருக்காம்."

"நாந்தான் அப்பவே சொன்னேனே."

"ஏறுன அன்னைக்கே பெரட்டாம். சங்கு ஊதுவாங்களாம்."

மூக்கன் கோப்பையைக் கீழே வைத்தார். வயிற்றைப் புரட்டுவதற்கு எவனும் சங்கு ஊதமாட்டான்.

"எதுக்கு சங்கு?"

"சங்கு ஊதுனதும் அவங்கவங்களுக்குன்னு குடுத்த எடத்துல போய் ஆஜராகணுமாம். பேர் பாப்பாங்களாம். வராதவங்கள எறக்கி விட்டுருவாங்களாம்."

"தெனமுமா?"

"அதத்தாங்க நானும் கேட்டேன். தம்பி சிரிச்சான்."

மூக்கனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. உடனே மகனுக்குப் போன் போட்டார். ஆமாப்பா, உண்மைதான், அதற்கு மஸ்டர் என்று பேர், எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் கட்டாயம் வந்தே ஆகவேண்டும் என்று பிரதாப் சொன்னான். மேலே கேட்பதற்குள் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டான்.

மஸ்டர். தொரைமார் வாயில் பெரட்டுக்கு அதுதான் பேர். சந்தேகப்பட இனி ஒன்றுமில்லை.

மூக்கன் அப்படியே உட்கார்ந்திருந்தார். தோட்டத்துப் பெரட்டிலாவது பிந்திப் போனால் திரும்பி வந்து படுத்துக்கொள்ளலாம். இது நடுக்கடல். ஓடி ஒளிவதற்கு ஒரு தேயிலைச் செடிகூட இல்லாத இடம். அங்கேயும் சங்கு ஊதி, பேர் கூப்பிட்டு, எண்ணப்போகிறார்கள். எண்ணப்படாமல் இறங்கலாம் என்று நினைத்த மனுஷனை ஏற்றும்போதே எண்ணப்போகிறார்கள். அதற்கு மேல் சத்தியம் வேறு.

மறுநாள் இராயப்பனிடம் போனார். தோட்டத்து மாரியம்மனுக்குச் செய்த சத்தியம் கடலில் செல்லுமா என்று கேட்டார். இராயப்பன் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அம்மனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் தான் வரக்கூடாது என்றுதான் முதலில் சொன்னார். வற்புறுத்தியதும் யோசித்துச் சொன்னார்.

"சத்தியம் ஆளோட போறது அண்ணே. தோட்டத்தோட தங்கிடாது."

வீட்டுக்கு வந்து, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டால் என்ன என்று மெதுவாக ஆரம்பித்தார். பூரணி பதறிப்போனாள். கற்பூரத்தை அணைத்துச் செய்த சத்தியம், அந்தக் கற்பூரத்தை வாங்கி வந்ததே நான்தான், லயமே சாட்சி, சாமி குத்தத்தோடு ஒரு கப்பலில் ஏறினால் அதிலிருக்கிற மற்ற ஜனங்களின் கதி என்ன என்று கேட்டாள். மூக்கனுக்கு மற்ற ஜனங்களின் கதி அதுவரை தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. மூக்கன் வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் கடைசித் தந்திரத்தை எடுத்தார். வாழ்நாளெல்லாம் கைகொடுத்த தந்திரம்.

"நான் போறேன். அந்தப் பெரட்டுக்கு மட்டும் எனக்குப் பதிலா நீ..."

"நானும் அதத்தாங்க யோசிச்சேன்," என்றாள் பூரணி. "மண்ணெண்ணெய்க்கு நின்னேன். கிளினிக்குக்கு நின்னேன். இதுக்கும் போயிருவேன். ஆனா அதுக்கு நானுல்ல கப்பல்ல இருக்கணும்."

மூக்கன் அந்த வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கமும் வாசல் இல்லை.

"அப்ப நீயே போ," என்றார்.

"நெசமாவா சொல்றீங்க? நாளைக்கு மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"

"மூக்கன் சொன்னா சொன்னதுதான்."

பூரணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். புகை என்று மூக்கன் நினைத்தார். அடுப்பு எரியவில்லை என்பதைப் பிறகுதான் பார்த்தார். பிரதாப்பை அவள் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்தச் சிங்கப்பூர்ப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து கோட்டைப் பற்றி யோசித்தார், படிக்கட்டைப் பற்றி யோசித்தார், முப்பாட்டனைப் பற்றி யோசித்தார். அந்தக் கப்பலில் தன் மகன் இருக்கிறான் என்பதை யோசிக்கவில்லை. அது அவரைச் சுட்டது. விட்டுக்கொடுத்தது நல்லதுதான் என்று மனசார நினைத்தார்.

அப்படி நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். மூக்கன் அதை லயம் முழுக்கச் சொன்னார். பெண்டாட்டியைக் கப்பலில் அனுப்பிவிட்டுத் தான் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆம்பளை இந்த மலையில் உண்டா என்று பெண்களெல்லாம் பேசிக்கொண்டார்கள். தங்கள் வீட்டு ஆண்களிடமும் அதையே சொல்லிக் காட்டினார்கள். ஆண்கள் இரண்டு நாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. பெரட்டில் கிடைக்காத பேர் அத்தனையும் மூக்கனுக்கு மொத்தமாகக் கிடைத்தது.

புறப்படுகிற அன்று தலவாக்கலை ஸ்டேஷனில் கோட்டை அவரே பூரணியின் தோளில் போட்டுவிட்டார். கடலில் குளிருமே. அவள் கையை நுழைத்தாள். கை மணிக்கட்டில் வந்து கச்சிதமாக நின்றது, தோள் தோளில் உட்கார்ந்தது. அம்மன் கருணை என்று மூக்கன் நினைத்துக்கொண்டார். ரயில் போனபின் வீட்டுக்கு வந்து தானே சுட்ட ரொட்டியைத் தின்றார். அம்மனுக்கு அந்த அளவு கருணை இல்லை.

அந்த வாரத்திலேயே குளிசை தீர்ந்தது.

இராயப்பனைப் போய் நிற்கச் சொன்னார். முழங்கால் வலி என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். குளிசை போடாமல் ஒருநாள் பார்த்தார், தலை சுற்றியது. மறுநாள் காலை கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி, நீயும் பிரஷர் தெரியாதவள் இல்லை தாயே என்று மட்டும் சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினார். சிங்கப்பூருக்காக உடைக்காத சத்தியத்தைக் கைநிறையக் குளிசைக்காக உடைத்துவிட்டு, கிளினிக் போலிமின் கடைசியில் போய் நின்றார். முன்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தபோது, பூரணி இத்தனை வருஷம் இங்கே எப்படி நின்றாள் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தார்.

அவருக்குப் பின்னாலும் ஆள் சேர்ந்த பிறகு போன் அடித்தது. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. பின்னால் இருப்பது தெரியாதபடி மூக்கன் போனை முகத்துக்கு மிக அருகே பிடித்துக்கொண்டார்.

திரையில் கடல். அதற்கு அப்பால் பனி விலகுகிற மலைபோல் கட்டடம் கட்டடமாக எழுந்து நின்றது ஊர். துறைமுகம் நிறையக் கப்பல்கள். பிரதாப்பின் குரல், அம்மா இறங்குறாங்கப்பா, பாருங்க என்றது. பூரணி பழுப்புக் கோட்டில் படி இறங்கி வந்தாள். கைப்பிடியில் ஒரு கை. நிதானமான நடை. கீழிருந்து மூன்றாவது படியில் நின்றாள். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பின்னால் வெள்ளைக்காரர்கள் பொறுமையாகக் காத்து நின்றார்கள். பரவாயில்லை என்பதுபோல் ஒருமுறை தலையாட்டிவிட்டுச் சிங்கப்பூரில் கால் வைத்தாள்.

மானம் கப்பலேறிவிட்டது என்று சொல்வார்கள். மூக்கனுடையது ஏறியதோடு நிற்காமல் போய் இறங்கியும் விட்டது.

ஆனாலும் அவருக்குக் கோபம் வரவில்லை. கண் கலங்கியது. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"எறங்குறப்ப எண்ணுனாங்களா பூரணி?"

"இல்லிங்க. யாரும் எண்ணல." அவள் குரலும் ஒருமாதிரி இருந்தது. போனை மகனிடமிருந்து வாங்கி எதிரே பிடித்துக் காட்டினாள். "வாசல்ல பாருங்க. தமிழ்ல எழுதியிருக்கு. நல்வரவுன்னு."

மூக்கன் அதை இரண்டு தடவை படித்தார். முப்பாட்டனுக்கும் சேர்த்து ஒருதடவை.

பிறகுதான் அந்தச் சனியன் பிடித்த கேள்வி ஞாபகம் வந்தது.

"பெரட்டு எப்படி இருந்துச்சு? ரொம்பக் கஷ்டமா?"

"அது ஏறுன அன்னைக்கு ஒரு தடவைதாங்க. கப்பலுக்கு ஏதாச்சும் ஆயிட்டா எங்க வரணும்னு சொல்லிக் காட்டுறாங்க. மெத்த வச்ச நாற்காலி. ஒக்காந்துக்கிட்டே கேட்டேன்."

"ஒக்காந்துக்கிட்டா? நீ அதச் சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கலியே. நிக்க மாட்டேன்னுதான சத்தியம் பண்ணுனீங்க. ஒக்கார மாட்டேன்னு பண்ணலியே."

மூக்கனின் பார்வை கோட்டின் கையில் போய் நின்றது.

"கோட்டு ஒனக்கு அளவா இருக்கு."

"இருக்காதா? ஹட்டன்லேருந்து வந்த அன்னைக்கே அளவெடுத்துத்தான தச்சேன்."

"இது பெரட்டு இல்ல பூரணி, புரட்டு," என்று மூக்கன் கத்திவிட்டார். கத்திய வேகத்தில் போன் முகத்தைவிட்டு விலகியது. போலிமில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் சிங்கப்பூரில் தெரிந்தார்கள்.

பூரணி திரையை உற்றுப் பார்த்தாள். சுவரை அடையாளம் கண்டாள். அந்தச் சுவரில் வருஷக்கணக்காகச் சாய்ந்து நின்றவள் அவள். சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் நிற்பவர்கள் பொறுமையில்லாமல் முன்னால் எட்டிப் பார்ப்பதை மட்டும் கவனித்தாள்.

"சரி, போன வச்சிட்டு முன்னால போங்க," என்றாள். "போலிம் நகருது."